மீதிப் பாட்டு

2024 ஜனவரி 17, புதன்கிழமை காலை ஆறே கால் மணிக்கு, தர்மபுரி மாவட்டம் இண்டூருக்கு மேற்கே நான்கு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு சிற்றூரில் குள்ளம்மாள் என்ற எழுபத்து மூன்று வயதுப் பெண் இறந்தார். ஒன்பது மணிக்குச் சாமியானா போட்டார்கள். பத்து மணிக்கு மைக் செட் கட்டினார்கள்.

மைக் செட் தீர்த்தகிரியுடையது. மூன்று நாளாகப் பொங்கல் விளையாட்டுப் போட்டிகளுக்குப் பாட்டுப் போட்டுவிட்டு, முந்தின மாலைதான் குழாய்களைக் கழற்றி வண்டியில் ஏற்றியிருந்தார். ஐம்பத்து நான்கு வயதில் முட்டி மடங்க மறுத்தது. முப்பது வருஷம் குழாய்க்குக் கீழே உட்கார்ந்த காதில், பாட்டு நின்ற பிறகும் ஒரு கொசு பாடிக்கொண்டே இருக்கும். கூட்டாளி மாது வேப்பமரத்தில் ஏறிக் குழாய்களைக் கட்ட, இவர் ஆம்ப்ளிஃபயரைப் பெஞ்சில் வைத்து, சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினார். சாவுப் பாட்டு இருந்த பென் டிரைவ் கறுப்பு. மகள் சுமித்ரா பாடம் ஏற்றிக்கொள்ள வாங்கிப் போய் முந்தின நாள் திருப்பிக் கொடுத்ததும் கறுப்பு.

ஒப்பாரி வரவில்லை. முதலில் ஒரு தாளம் மட்டும் வந்தது. மனிதக் கை தட்டாத தாளம். வேகம் பிடிக்காமலும் சோர்ந்துவிடாமலும், யாரோ தையல் மிஷினை மிக மெதுவாக மிதிப்பதுபோல ஒரே அளவில் விழுந்தது. அதற்கு அடியில், அடுத்த காட்டில் ஓடும் கம்ப்ரசர் மோட்டார் தரை வழியாக அதிர்வதுபோல ஒரு கனத்த கிட்டார். அதற்கு மேலே நீண்டு, மெலிந்து, பனிக்காலத்து விடியலில் தொடும் இரும்புபோலக் குளிர்ந்த ஏதோ ஒரு கீபோர்டு. பிறகு ஓர் ஆண் குரல். அது பாடவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனில் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவிக்கிறவரைப்போல, சொல்ல வேண்டியதை மட்டும், யாரையும் பார்க்காமல் சொன்னது. என்ன மொழி என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

தீர்த்தகிரி பதறிக் கை நீட்டினார். பெஞ்சுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த கோவிந்தன், இறந்தவரின் மகன், தடுத்தார்.

"என்ன பாட்டுங்க இது?"

"தப்பா வந்துடுச்சுங்க. மாத்திடறேன்."

"வுடுங்க, ஓடட்டும். ஒண்ணும் புரியல, ஆனா சாவுக்கு ஏத்தாப்பலதான் இருக்குது."

"எங்க மாமியா பேசறாப்பலயே இருக்குதுணா," என்றான் மாது மரத்திலிருந்து. "அதுவும் ஒண்ணும் புரியாது, நிறுத்தவும் நிறுத்தாது."

நாலு பேர் சிரித்தார்கள். தீர்த்தகிரிக்கும் எழுந்து வண்டிவரை போய் வேறு பென் டிரைவ் தேடத் தெம்பு இல்லை. விட்டுவிட்டார்.

பந்தலுக்கு நடுவே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவரவர் துக்கத்துக்கு அவரவர் வேகம் இருக்கும். எந்தச் சாவிலும் அப்படித்தான். அன்று கொஞ்ச நேரத்தில் கைகள் எல்லாம் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன. இருபது பேர் நெஞ்சில் விழும் அடி ஒரே சத்தமாகக் கேட்டது. யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. பாடையைத் தூக்கியதும், திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்த பாட்டைத் தீர்த்தகிரி பாதியில் அறுத்தார். தாளம் நின்ற பிறகும் அந்தக் கைகள் நான்கு முறை, அதே அளவில், எழுந்து விழுந்தன.

பாடை கிளம்பினால் பாட்டை அறுத்துவிட வேண்டும். பிணத்தின் பின்னால் பாட்டு போகக் கூடாது. அறுந்த பாட்டின் மீதியை, செட்டை வீட்டுக்குள் எடுத்து வைப்பதற்கு முன் தன் வாசலில் மெல்லப் போட்டு, கடைசிவரை ஓடவிட்டுத்தான் ஒயரைச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் செட் இன்னொரு சாவு வீடு கேட்கும் என்பார்கள். தீர்த்தகிரி தொழில் பழகிய காலத்தில் அந்தப் பக்கத்து மைக் செட்காரர்கள் எல்லோரும் இதைச் செய்தார்கள். கேசட்டில் அது எளிது. அறுத்த இடத்திலேயே நாடா நிற்கும். பென் டிரைவில் கரண்டை அணைத்துப் போட்டால் முதல் பாட்டின் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும். மீதி எங்கே என்று யார் தேடிக்கொண்டிருப்பது? அவர் அந்தப் பழக்கத்தை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஒன்றும் ஆகவில்லை.

பிப்ரவரியில் இரண்டு சாவு. மார்ச்சில் மூன்று. எல்லோரும் அந்தப் புரியாத பாட்டையே போடச் சொல்லிக் கேட்டார்கள். கேட்கும்போது கையில் மயிர் எழுந்து நிற்கிறது என்று யாரோ சொல்லப்போய், அதற்குக் குளுருப் பாட்டு என்று பெயரே விழுந்துவிட்டது. ஆறு வீட்டிலும் பாடை எழுந்ததும் பாதியில் அறுத்தார்.

மாதுதான் முதலில் சொன்னான். இண்டூர் டீக்கடையில், மதியம்.

"கோவிந்தன் வூட்டு மாடிப்படியில யாரோ ஏறறாங்களாம்ணா. பட்டப்பகல்ல."

"பூனையா இருக்கும்டா."

"பூனை மாடி வரைக்கும் ஏறும். மாடிக்கு மேல எங்கணா ஏறும்?"

மொட்டை மாடியை எட்டிய பிறகும் காலடி நிற்கவில்லையாம். மேலேயே போகிறதாம். போகப் போகச் சத்தம் சிறுத்து, அண்ணாந்து கேட்டால் மட்டும் கேட்கிறதாம்.

"நீ எத்தனை மணிக்குக் குடிச்ச?"

"என்னைய வுடுணா. வத்தல்மலை அடிவாரத்துல தங்கராஜ் வூட்டுக்குப் போன மாசம் கட்டுனோம் இல்ல? அங்கயும் கேக்குதாம். அது ஓட்டு வூடு. படியே கெடையாது."

தீர்த்தகிரி டீயை முழுதாகக் குடிக்கவில்லை.

அவருக்கு வேறு கவலை இருந்தது. சுமித்ரா ரஷ்யாவில் ஆறு வருஷம் டாக்டருக்குப் படித்துவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன் திரும்பியிருந்தாள். இங்கே வைத்தியம் பார்க்க ஒரு பரீட்சை தேற வேண்டும். மூன்று முறை எழுதி மூன்று முறையும் தவறிவிட்டது. மகள் வந்ததும் மேலே ஒரு மாடி எடுப்பது என்று தூண் கம்பிகளை வானத்துக்கு நீட்டிவிட்டு, மொட்டை மாடிக்கு மேலேயும் மூன்று படி கான்கிரீட்டில் ஊற்றி வைத்திருந்தார். மூன்றாவது படியோடு காற்றுதான். அவள் அந்த மூன்றாவது படியில் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருப்பாள். வெயில் ஏறுவது தெரியாது. கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். சோறு வைத்த தட்டு வைத்தபடி இருக்கும். அவள் சத்தமாக அழுதிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும். ஒரு விளக்கை யாரோ மெதுமெதுவாகத் தணிப்பதுபோல, அவள் தினமும் கொஞ்சம் குறைந்துகொண்டிருந்தாள். எப்படியாவது இவளைக் கீழே இறக்கிக் கொண்டுவர வேண்டும். அவர் சாமியிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

ஒரு மாலை அவரே மூச்சு வாங்க மேலே ஏறி, ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"பாப்பா, உன் பென் டிரைவுல ஒரு பாட்டு இருந்துச்சே. அது என்ன பாட்டு?"

சாவு வீடுகளில் போட்டதைச் சொன்னார். அவள் இயர்போனைக் கழற்றினாள். பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள்.

"சாவு வூட்டுலயா? அய்யோ, அப்பா! அவனுங்களுக்குத் தெரிஞ்சா ரொம்ப சந்தோசப்படுவானுங்க."

"யாரு அவனுங்க?"

"மூணு பேருப்பா. ரஷ்யாவுல ஒரு ஃபேக்டரி ஊரு. ஒருத்தன் பேஸ் கிட்டார், ஒருத்தன் கீபோர்டு, ஒருத்தன் பாடுறான். டிரம்ஸ் மெஷினு. டார்க் வேவ்னு சொல்லுவாங்க. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பெரிய பெரிய ஃப்ளாட்டு, லிஃப்ட் ஓடாது, படிக்கட்டுல பல்பு எரியாது. பஸ்ஸுல கடைசி ஸ்டாப்புல எறங்கி பனியில நடந்து வருவான். வூட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அழ மாட்டான், கோவப்பட மாட்டான். சும்மா சொல்லிட்டே இருப்பான்."

"இந்தப் பாட்டுல என்ன சொல்றான்?"

"படி ஏறறான். ஒன்பது மாடி. ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி. ஒவ்வொரு மாடியிலயும் நின்னு, எங்கூட மேல வர்றீங்களான்னு கதவைப் பார்த்துக் கேக்குறான். யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. அடுத்த மாடிக்குப் போவான்."

"அப்புறம்?"

"தெரியல. எங்க ஹாஸ்டல்ல லிஃப்ட் ஓடாத நாள்ல இதைக் கேட்டுட்டுதான் ஏறுவேன். என் ரூமு ஆறாவது மாடி. ஆறோட நிறுத்திடுவேன்." கொஞ்சம் யோசித்தாள். "கடைசியில அவன் கொரல் ரொம்ப எறங்கிடும்ப்பா. என்ன சொல்றான்னு யாருக்கும் கேட்டதில்ல."

யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அது அவருக்கு அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆறு சாவு வீட்டிலும் அந்த மொழி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அவர் வீட்டிலேயே கேட்டது.

மதியம் இரண்டரை மணி இருக்கும். தெருவில் நாய்கூட நடமாடாத வெயில்; மின்விசிறி சூட்டைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தது; மனைவி பானுமதி கூடத்தில் தலைக்குக் கையை வைத்துப் படுத்திருந்தாள்; மகள் உள்ளறையில் தூங்கினாள். வெளிப்படியில் முதல் காலடி விழுந்தபோது, யாரோ துணி எடுக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தார். கனமான செருப்பு. இல்லை, செருப்பு இல்லை, பூட்ஸ். அவசரமில்லாத நடை. வேலை முடிந்து, வழியில் யாரிடமும் பேசாமல், வீடு திரும்புகிறவனின் நடை. அதன் அளவு அவருக்குத் தெரிந்திருந்தது. விரல் தானாகத் தொடையில் தட்டியது.

எண்ணினார். பதினெட்டு. நின்றது. மறுபடி பதினெட்டு. நின்றது.

அவர் வீட்டுப் படி பதினான்கு. மேலே மூன்று.

பானுமதி கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "மேல யாருங்க?"

"யாரும் இல்ல. படு."

"மைக் செட்டை வூட்டுக்குள்ள வெக்காதீங்கன்னா கேக்கறீங்களா? பொணத்தைச் சுத்துன ஒயரு."

அவர் வெளியே போய்ப் பார்த்தார். படி வெறுமையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்த இடம் மட்டும் சில்லென்றிருந்தது. நனைந்த கம்பளியின் வாடையும், அணைந்துபோன அடுப்பின் வாடையும் அங்கே தேங்கி நின்றன. மேலே, மிக மேலே, வெறும் வெளிச்சத்துக்குள் காலடி ஏறியது. ஆறு முறை பதினெட்டு. பிறகு இல்லை.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் அவர் வெளியே வந்தபோது சுமித்ரா முன்பே படியடியில் நின்றிருந்தாள். வெறுங்கால். முகம் மேலே. உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

"உள்ள வா, பாப்பா."

"ஆறுல நிக்கிறான்ப்பா."

"யாரு?"

"தெனமும் ஆறுல நின்னுட்டுப் போயிடறான்." அவள் குரலில் பயம் இல்லை. "பாவம், ரொம்ப நாளா ஏறறான்."

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. பானுமதி ஊட்டிவிட்ட கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்க மறந்து, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்த்தகிரி மூன்று நாள் யோசித்தார். பூசாரியிடம் போகலாம், என்னவென்று சொல்வது? பென் டிரைவை அடுப்பில் போடலாம். ஆனால் அறுந்தது அறுந்ததாகத்தானே இருக்கும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தொழில். அந்தத் தொழிலில் இதற்கு ஒரு வழி இருந்தது, அவர்தான் சோம்பலில் விட்டுவிட்டார். ஆறு வீட்டில் ஆறு முறை பாதியில் நிறுத்தப்பட்ட பாட்டு. போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அது எங்கே போகும்? செட் இருக்கிற வீட்டுக்குத்தான் வரும். முடித்துவிட்டால் போய்விடும்.

ஏப்ரல் 25, வியாழக்கிழமை. பானுமதி நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். பரீட்சை விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுத்து வா என்று மகளைத் தர்மபுரிக்கு பஸ் ஏற்றிவிட்டார். நான்கு மணி வண்டியில்தான் வருவாள். இரண்டே கால் மணிக்கு ஆம்ப்ளிஃபயரை வாசலில் வைத்தார். ஒரே ஒரு குழாய். மண்ணைப் பார்த்துக் கவிழ்த்தார். பென் டிரைவைச் செருகினார்.

தாளம் விழுந்தது. குரல் வந்தது. அவர் விரல் விட்டு மாடிகளை எண்ணினார். ஒன்று, ஒரு கேள்வி, மௌனம். இரண்டு, அதே கேள்வி, மௌனம். நாற்பது டிகிரி வெயிலில் அவர் முன்கை மயிர் எழுந்து நின்றது. வெளிப்படியில் பூட்ஸ் ஏறத் தொடங்கியது. இந்த முறை தாளமும் காலடியும் ஒன்றாக விழுந்தன. அவர் படியைப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கையே பார்த்தார். நான்கு. ஐந்து. ஆறு.

ஆறில் நிற்கவில்லை. போகிறது.

நிம்மதியில் அவர் கண் கலங்கியது. முடியப் போகிறது. ஏழில் குரல் தாழ்ந்தது. எட்டில் கேட்கவே இல்லை. குரல் இறங்கினால் வால்யூமை ஏற்றுவது முப்பது வருஷத்துப் பழக்கம். யோசிக்கும் முன்பே கை ஏற்றிவிட்டது. முழுதாக.

ஒன்பது.

கிட்டார் நின்றது. கீபோர்டு நின்றது. தாளம் மட்டும். குழாய்க்குள்ளிருந்து, காதருகில் மூச்சு விடுவதுபோல, அந்தக் குரல் கேட்டது. ஒரே ஒரு கேள்வி. பிறகு மௌனம். காத்திருக்கிற மௌனம்.

அவருக்குப் பின்னால், வாசல் கேட் பக்கத்தில், ஒருவர் பதில் சொன்னார்.

அந்த மொழியில். மென்மையாக, ரொம்ப நாள் பழகியவரிடம் பேசுவதுபோல.

திரும்பினார். சுமித்ரா. கையில் போட்டோ உறை. இரண்டு மணி வண்டியிலேயே வந்துவிட்டாள்.

"பாப்பா."

அவள் உறையைத் திட்டில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். அவரைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். களைத்துப்போனவர்கள் வீடு வந்து சேர்ந்ததும் சிரிக்கிற சிரிப்பு. படியில் கால் வைத்தாள்.

"பாப்பா! நில்லு!"

ஒயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. தாளம் அணையவில்லை.

ஓடினார். முட்டி. ஒரு படி. இன்னொரு படி. அவள் பாவாடை விளிம்பு வளைவில் மறைந்தது. சுவரைப் பிடித்து ஏறினார். சுவர் ஐஸ். எட்டு. ஒன்பது. பதினான்கு. மொட்டை மாடி. கம்பிகள். மூன்று படி.

யாரும் இல்லை.

காலடி கேட்டது. இரண்டு பேருடையது. தலைக்கு மேலே.

அண்ணாந்தார். வெயில் கண்ணைக் குத்தியது. தென்னை உயரத்துக்கும் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், இரண்டு உள்ளங்கால்கள். கீழிருந்து பார்த்தால் தெரிகிற உள்ளங்கால்கள். ஒன்று அழுந்தியது. அடுத்தது அழுந்தியது. நிதானமாக. அவற்றுக்கு ஒரு படி மேலே ஒரு ஜோடி பூட்ஸின் அடிப்பக்கம். அதன் பள்ளங்களில் பனி அடைந்திருந்தது.

ஒரு துளி அவர் நெற்றியில் விழுந்தது. குளிர்ந்த நீர்.

பதினெட்டு. நின்றது.

மிக உயரத்தில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

*

சுமித்ராவின் உடல் அன்று மாலை மூன்று மணிக்கு வீட்டின் கிழக்குப் பக்கம் கல் பாவிய இடத்தில் கிடந்தது. மறுநாள் அடக்கம் நடந்தது. மைக் செட் கட்டவில்லை. மே 20ஆம் தேதி பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. எண்பது அடிக்குக் குறையாத உயரத்திலிருந்து விழுந்ததால் ஏற்பட்ட காயங்கள் என்று அதில் எழுதியிருந்தது. விசாரிக்க வந்த சப் இன்ஸ்பெக்டர் டேப் வைத்து அளந்தார். மேலே ஊற்றியிருந்த மூன்று படியையும் சேர்த்து, வீட்டின் உயரம் பதின்மூன்றரை அடி.